நிழல்களைப் பிடித்த கேப்டன்



இன்று ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. எழுத்துகள் பொறித்த பிஸ்கெட் ஒன்றைத் தட்டில் வையுங்கள். அறையின் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிடுங்கள். டார்ச் விளக்கை பிஸ்கெட்டுக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும். இப்போது டார்ச்சை மெல்லக் கீழே இறக்கி, தட்டின் ஓரத்துக்குக் கொண்டு வந்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி செய்யுங்கள். எழுத்துகள் சட்டென்று எழுந்து நிற்கும்!

பிஸ்கெட்டும் டார்ச்சும் மாறவில்லை. மாறியது வெளிச்சம் வரும் திசை மட்டுமே. பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் ஒரு குட்டி நிழலை உண்டாக்கியது. அந்த நிழல்தான் எழுத்தைக் காட்டிக் கொடுத்தது. சோதனை முடிந்தது. இனி பிஸ்கெட்டைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்!

எங்கள் ஊர்ச் சுவர்

நான் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி என்ற மூன்று ஆறுகளும் கூடும் இடம் என்பதால் இந்தப் பெயர். இங்கே ஆற்றங்கரையில் ஒரு பழைய பெருமாள் கோயில் இருக்கிறது. கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சுமார் 950 ஆண்டுகளுக்கு முன், இந்தக் கோயிலைச் சார்ந்து ஒரு பள்ளியும், மாணவர் தங்கும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையும் நடந்தன என்ற செய்தியை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. வைத்தியர், அறுவை மருத்துவம் செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாமே அதில் இருக்கின்றன.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு முறை மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். வெயில் சுவரின் மேல் நேருக்கு நேராக விழுந்துகொண்டிருந்தது. நல்ல வெளிச்சம்தான், ஆனால் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. கட்டிக் கொண்டு போயிருந்த புளிசோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தோம். அதற்குள் சூரியன் இடம் மாறி, வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சரியம்! சற்று முன் வெறும் கல்லாக இருந்த இடத்தில் வரிவரியாக எழுத்துகள்! ஒரு மாணவி விரலால் காற்றில் தடவியபடி எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அன்று எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அவர் 160 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் தமிழ்நாட்டுக் கோயில்களைத் தேடி வந்தவர். கல்லையும் வெயிலையும் நிழலையும் காகிதத்தில் பிடித்தவர். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர்

டிரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் பன்னிரண்டு குழந்தைகள். அவர் ஒன்பதாவது பிள்ளை. செடி கொடிகளுக்கும் உயிரினங்களுக்கும் அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் என்ற அறிஞரைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே பெயர்தான் இவருக்கும்.

பதினேழு வயதை ஒட்டி அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். உங்கள் அண்ணன், அக்கா பிளஸ் டூ படிக்கும் வயது! அந்த வயதில் கப்பல் ஏறி, பல மாதங்கள் கடலில் பயணம் செய்து, தெரியாத நாட்டுக்கு வந்து சேர்ந்தார். தென்னிந்தியாவில் படை அதிகாரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார்.

அவர் படையில் சேர்ந்த அதே சமயத்தில் ஐரோப்பாவில் ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகெர் என்பவர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது 1839-இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் தகட்டுக்குப் பதில் காகிதத்தில் படம் எடுக்கும் முறையை உருவாக்கி, 1841-இல் காப்புரிமை பெற்றார்.

இந்த இருவரும் முதலில் எவற்றைப் படம் எடுத்தார்கள் தெரியுமா? டாகெர் 1837-இல் எடுத்த ஒரு படத்தில், ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்த சுண்ணாம்புச் சிற்பங்கள் இருக்கின்றன. டால்பட் அலமாரியில் வரிசையாக வைத்த பீங்கான் பாத்திரங்களையும், கண்ணாடிப் பொருள்களையும், கூடையில் வைத்த பழங்களையும் படம் எடுத்தார். ஏன் மனிதர்களை விட்டுவிட்டுச் சட்டி பானைகளைத் தேடிப் போனார்கள்? காரணம் எளிது. அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அத்தனை நேரம் உங்களால் ஆடாமல் அசையாமல் இருக்க முடியுமா? இமை கூடக் கொட்டக் கூடாதே! ஆனால் பானை அசையாது. பழம் ஓடிப் போகாது. கல் கண் சிமிட்டாது. அசையாப் பொருள்தான் முதல் புகைப்படக்காரர்களின் நல்ல நண்பன்.

அந்தப் படங்களில் வண்ணம் கிடையாது. எல்லாமே கறுப்பு, வெள்ளை, இவற்றுக்கு இடைப்பட்ட சாம்பல் நிறங்கள். சில சமயம் காகிதத்தின் தன்மையால் பழுப்பு நிறம் கலந்திருக்கும். சிவப்புப் பழத்தையும் பச்சை இலையையும் நிறத்தைக் கொண்டு பிரித்துக் காட்ட வழியில்லை. உருண்டையை உருண்டை என்றும், குழியைக் குழி என்றும் காட்ட ஒன்றே ஒன்றுதான் துணை. அதுதான் நிழல்.

படம் எடுக்கக் கற்ற அதிகாரி

டிரைப் 1850-இல் விடுமுறையில் இங்கிலாந்து போனார். உடல்நலம் சரியில்லாததால் விடுமுறை நீண்டு, 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. வேறு ஒருவராக இருந்தால் நோயைச் சொல்லிச் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். டிரைப் அந்தக் காலத்தில் புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார்.

1854-இல் கேப்டன் பதவியோடு பெங்களூருக்குத் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் கர்நாடகத்தில் உள்ள பேளூர், ஹளேபீடு கோயில்களுக்குப் போய்ப் படங்கள் எடுத்தார். அங்கே சுவர் முழுக்க நுணுக்கமான சிற்பங்கள். வெயிலும் நிழலும் விளையாட அதைவிட நல்ல இடம் வேண்டுமா? 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் எடுத்த படங்களில் அவைதான் சிறந்த வரிசை என்று நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே ஆண்டில் ஆங்கில அரசு, பர்மா மன்னர் மிண்டோனைச் சந்திக்க அமரபுரத்துக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அந்தக் குழுவுக்கு டிரைப் புகைப்படக்காரர். இருநூறுக்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பி வந்தார். அவற்றில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, ஐம்பது தொகுப்புகள் அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் போடுங்கள். ஐம்பது பெருக்கல் நூற்றிருபது, ஆறாயிரம்! இன்று பொத்தானை அழுத்தினால் அச்சாகிவிடும். அன்று ஒவ்வொன்றையும் காகிதத்தில் மருந்து பூசி, வெயிலில் வைத்து, கழுவிக் காய வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

காகிதத்தில் ஒரு நெகடிவ்

டிரைப் பெரும்பாலும் காகித நெகடிவ்களைத்தான் பயன்படுத்தினார். நல்ல காகிதத்தில் மெழுகு ஏற்றுவார்கள். எண்ணெய் பட்ட காகிதம் கண்ணாடி போல் ஆவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது போல மெழுகு ஏறிய காகிதத்தின் ஊடே வெளிச்சம் நன்றாகப் போகும். அந்தக் காகிதத்தில் வெள்ளி உப்பு கலந்த மருந்தைப் பூசி, கேமராவுக்குள் வைத்துப் பல நிமிடங்கள் திறந்து விடுவார்கள். வெளிச்சம் பட்ட இடம், பிறகு வேறு மருந்தில் போட்டதும் கறுக்கும். நிழலாக இருந்த இடம் வெளுப்பாகவே இருக்கும். ஆகவே நெகடிவில் எல்லாம் தலைகீழ்! வெள்ளைச் சுவர் கறுப்பாகவும், கறுப்பு நிழல் வெள்ளையாகவும் தெரியும்.

இந்த நெகடிவை, மருந்து பூசிய வேறொரு காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால், மறுபடியும் தலைகீழாகி உண்மைப் படம் கிடைக்கும். ஒரு நெகடிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அந்தக் கால மருந்துகளுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. நீல நிற வெளிச்சம் பட்டால் சீக்கிரம் மாறும். சிவப்பு வெளிச்சத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காஞ்சிப் பட்டில் ஒரு அரக்கு நிறச் சேலையையும், ஒரு கறுப்புச் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு அன்று படம் எடுத்திருந்தால், இரண்டும் கறுப்பாகவே தெரிந்திருக்கும். நீல வானமோ வெள்ளைக் காகிதம் போல வெறுமையாகப் போய்விடும். சில சமயம் திட்டுத் திட்டாகவும் தெரியும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவில் வானம் இருக்கும் இடத்தில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிவிட்டார்! தீட்டிய இடத்தின் ஊடே வெளிச்சம் போகாது. ஆகவே அச்சில் அங்கே வெண்மேகம் மிதக்கும்.

மாட்டு வண்டியில் ஒரு நீண்ட பயணம்

சென்னை மாகாண அரசு டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். மாட்டு வண்டிகளில் கேமராக்கள், மருந்துப் புட்டிகள், கட்டுக் கட்டாகக் காகிதங்கள். இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று தமிழ்நாட்டைச் சுற்றி வந்தார். 1858 ஏப்ரல் வரை பயணம் நீண்டது.

அந்தச் சமயத்தில் வடஇந்தியாவில் ஆங்கிலேயருக்கு எதிராக 1857-ஆம் ஆண்டின் பெரும் எழுச்சி நடந்துகொண்டிருந்தது. டிரைப்போ கம்பெனிப் படையின் அதிகாரி. தாங்கள் ஆளும் நாட்டில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் அரசு அவரை அனுப்பியது. இதையும் நாம் மறக்கக் கூடாது. ஆனால் அவர் எடுத்த படங்கள் இன்று நமக்குச் சொத்தாகிவிட்டன.

மதுரையில் புதுமண்டபத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசை வரிசையாகக் கல் தூண்கள். டிரைப் அதன் பக்கத் தாழ்வாரத்தைப் படம் எடுத்தார். தூணுக்கும் தூணுக்கும் இடையே வெளிச்சம் உள்ளே நுழைகிறது. தூண்களின் மறைவில் நிழல். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல் என்று மாறி மாறி வருவதால், அந்தத் தட்டையான காகிதத்துக்குள் நாம் நடந்து போய்விடலாம் போலத் தோன்றுகிறது.

மண்டபத்துக்குள் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருட்டு, வெளியே சுட்டெரிக்கும் வெயில். உள்ளே இருக்கும் சிற்பம் தெரியும் வரை கேமராவைத் திறந்து வைத்தால், வெயில் பட்ட இடம் அளவுக்கு மேல் வெளுத்துப் போகும். வெயிலைக் கணக்கில் வைத்துச் சீக்கிரம் மூடினால், உள்ளே ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு நேரத்தைக் கணிக்க வேண்டும். தப்பிப் போனால் அந்தக் காகிதம் வீண். சூடு ஏறினால் மருந்தும் கெடும். படம் சரியாக வந்ததா என்று உடனே பார்க்க அன்று திரை கிடையாது.

அவருடைய படங்களில் மனிதர்கள் அதிகம் தெரிவதில்லை. நடமாடியவர்கள் பல நிமிடம் ஒரே இடத்தில் நிற்கவில்லை, ஆகவே பதியவில்லை. கலகலவென்று இருந்திருக்கக்கூடிய இடங்கள்கூடப் படத்தில் அமைதியாக இருக்கின்றன.

இருபத்தொரு படம், ஒரே வரி

இப்போது நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் ராஜராஜ சோழன் கட்டி 1010-இல் நிறைவு செய்த கோயில். விமானத்தின் அடிப்பகுதியில் சுற்றிலும் கல்வெட்டுகள். ராஜராஜன் கொடுத்த கொடைகள், அவனுடைய அக்கா குந்தவை கொடுத்த கொடைகள், கோயிலில் வேலை பார்த்தவர்களின் விவரங்கள் என்று கல்லே கணக்குப் புத்தகமாக இருக்கிறது.

நீளமான அந்தக் கல்வெட்டை ஒரே படத்தில் எப்படி எடுப்பது? தூரத்தில் நின்றால் எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிடும். கிட்டே போனால் ஒரு சிறு பகுதிதான் தெரியும். டிரைப் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்தி, அடுத்தடுத்து 21 படங்கள் எடுத்தார். பிறகு 21 அச்சுகளையும் ஓரம் சேர்த்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அதன் நீளம் ஏறக்குறைய 19 அடி! உங்கள் வகுப்பறைக் கரும்பலகையைவிடவும் நீளம் இருக்கலாம், அளந்து பாருங்கள். இன்று கைப்பேசியை மெல்லத் திருப்பி, அகன்ற காட்சியைப் படம் எடுக்கிறோமே, அதையே 1858-இல் காகிதத்தையும் பசையையும் வைத்துச் செய்து காட்டினார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா? ஒவ்வொரு படத்துக்கும் பல நிமிடங்கள். 21 படம் எடுத்து முடிக்கும்வரை சூரியன் காத்திருக்குமா? அது நகர்ந்துகொண்டே இருக்கும். நிழலும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு படத்தில் எழுத்துத் தெளிவாகவும், அடுத்த படத்தில் மங்கலாகவும் இருந்தால் ஒட்டிப் பயன் இல்லை. கல்லில் வெட்டிய எழுத்துக்கு மை கிடையாது. கல்லும் ஒரே நிறம், எழுத்தும் அதே நிறம். எழுத்தின் பள்ளத்தில் விழும் நிழல்தான் அதற்கு மை.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மதிய வெயிலில் உங்கள் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். மாலையில் பனைமரம் போல நீண்டு போகும். சூரியன் பாதி உயரத்தில், அதாவது 45 பாகையில் இருக்கும்போது, உங்கள் நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருக்கும். கல்வெட்டுக்கும் இதே கணக்குத்தான். எழுத்தின் பள்ளம் 2 மில்லிமீட்டர் என்றால், வெளிச்சம் சுவரில் 45 பாகை சாய்வாக விழும்போது, 2 மில்லிமீட்டர் அகல நிழல் பள்ளத்தில் விழும். நேராக விழும் வெளிச்சத்தில் நிழலே இருக்காது. வெளிச்சம் அளவுக்கு மீறிச் சாய்ந்தாலும் ஆபத்து. கல்லின் சொரசொரப்பு எல்லாம் நிழல் போட்டு எழுத்தை மறைத்துவிடும். உணவுக்கு உப்பு போல, நிழலும் அளவாக இருக்க வேண்டும்.

கல்வெட்டு அறிஞர்கள் இன்றும் வேறொரு முறையைக் கையாளுகிறார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் அமுக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். இதற்கு மைப்படி என்று பெயர். மேட்டில் மை படும், பள்ளத்தில் படாது. ஆகவே கறுப்பு நடுவே வெள்ளை எழுத்துகள் கிடைக்கும். தஞ்சைக் கல்வெட்டுகளின் வாசகங்களை ஹுல்ட்ஷ் என்ற அறிஞர் 1890-களில் புத்தகமாக வெளியிட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே டிரைப் அவற்றைப் படமாக்கிவிட்டார்.

கப்பல் ஏறிய கற்கள்

1858-இல் டிரைப்புக்கு இன்னொரு வேலை கிடைத்தது. ஆந்திராவில் உள்ள அமராவதியில் பழமையான பௌத்தத் தூபி ஒன்று இருந்தது. 1845-இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அங்கே தோண்டிப் பல சிற்பங்களை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். எலியட் பளிங்குகள் என்று அவற்றை அழைத்தார்கள். உண்மையில் அவை பளிங்கு அல்ல, வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல்.

சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அந்தச் சிற்பங்களை டிரைப் 75 படங்களாக எடுத்தார். கோயில் கோபுரம் போல அவை பெரியவை அல்ல. ஒவ்வொரு கல்லும் தனித்தனிப் பொருள். உடைந்த துண்டுகளும் உண்டு. டாகெரின் ஜன்னல் ஓரச் சிற்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே போன்ற அசையாப் பொருள் படங்கள்தான் இவையும். வெளிர் நிறக் கல்லில் மெல்லிய செதுக்கல். நிழல் இல்லாவிட்டால் வெறும் வெள்ளைப் பலகை. நிழல் வந்தால் தாமரை மலரும், யானையும், கூட்டமாகக் கும்பிடும் மக்களும் எழுந்து வருவார்கள்.

மறு ஆண்டே, 1859-இல், அந்தச் சிற்பங்கள் கப்பலில் ஏற்றப்பட்டு லண்டனுக்குப் போய்விட்டன. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அமராவதியின் வேறு சிற்பங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கலாம். கடல் தாண்டிப் போவதற்கு முன் அந்தக் கற்கள் நம் ஊரில் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு டிரைப்பின் படங்களே சாட்சி.

ஒரு கையெழுத்தில் முடிந்த வேலை

பயணத்தில் எடுத்த படங்கள் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. இன்னும் எத்தனையோ ஊர்கள் மீதம் இருந்தன. அப்போதுதான் இடி விழுந்தது.

1859-இல் சார்லஸ் டிரெவெலியன் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். 1857 எழுச்சிக்குப் பிறகு அரசின் கஜானாவில் பணம் இல்லை. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்த ஆளுநர், புகைப்படம் எடுப்பது அரசால் தாங்க முடியாத ஆடம்பரம் என்று கருதி, அந்த வேலையை நிறுத்த உத்தரவிட்டார். தளவாடங்கள், ஆட்கள், திட்டங்கள் எல்லாம் ஒரு கையெழுத்தில் கலைந்து போயின.

அப்போது டிரைப்புக்கு 37 வயது. கைத்திறன் உச்சத்தில் இருந்த காலம். அதன் பிறகு அவர் பெரிய அளவில் படம் எடுக்கவே இல்லை. மீண்டும் படை வேலைக்குப் போனார். பல ஆண்டுகள் உழைத்து, 1870-களில் ஓய்வு பெற்று, மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவியோடு பிறந்த ஊரான டெவன்போர்ட்டுக்கே திரும்பினார். 1902 மார்ச் 2-ஆம் நாள் காலமானார். எண்பது வயது நிறைய ஏறக்குறைய ஒன்றரை மாதமே பாக்கி.

ஆளுநர் செய்தது தவறா? பஞ்சத்துக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டிய காலத்தில் படத்துக்கு ஏன் செலவு என்று கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று எடுக்காமல் விட்ட படங்களை இன்று எந்தப் பணத்தைக் கொடுத்தும் எடுக்க முடியாது. இடிந்து போன மண்டபம் திரும்பி வருமா? வெள்ளை அடித்து மறைந்த எழுத்து தானாக வெளியே வருமா? இரண்டு பக்கத்தையும் நீங்களே யோசித்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

டிரைப்பின் படங்கள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 2014-இலும் 2015-இலும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்களுக்காகவே பெரிய கண்காட்சி நடந்தது. ஆடம்பரம் என்று நிறுத்தப்பட்ட வேலையை, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மக்கள் வந்து நின்று பார்த்தார்கள்.

இனி உங்கள் முறை

குழந்தைகளே, கேமரா இல்லாவிட்டாலும் நீங்கள் டிரைப்பின் மாணவர் ஆகலாம். வீட்டில் ஒரு முட்டையோ, எலுமிச்சம்பழமோ, சொம்போ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஜன்னல் திறந்த அறையில் மேசை மேல் வையுங்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மாறும் சாம்பல். அந்த நடுப்பகுதிதான் முட்டை உருண்டை என்று நமக்குச் சொல்கிறது. இப்போது நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகித அட்டையை நிறுத்துங்கள். அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் நிழல் லேசாகிவிடும். அட்டையை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை வைத்தால் நிழல் இன்னும் ஆழமாகும். பென்சிலை எடுத்து, பார்த்ததை அப்படியே வரையுங்கள். வீட்டில் கைப்பேசி இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது கல்வெட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே சுவரைக் காலையிலும், மதியமும், மாலையிலும் பாருங்கள். எந்த வேளையில் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். எழுத்தின் மேல் சாக்பீஸால் தேய்க்க வேண்டாம். எண்ணெயும் விபூதியும் தடவ வேண்டாம். கல் கெட்டுவிடும். வெயில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

திருமுக்கூடலில் அன்று காற்றில் விரலால் தடவிப் படித்த மாணவியும் அப்படித்தான் காத்திருந்தாள். வெயில் சாய்ந்ததும், 950 ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவமனைக் கணக்கு அவள் கண் முன்னே வரிவரியாக நின்றது.